ஆணி கீறிய இடம்

அன்பு மகள் தோபெக்காவுக்கு,

சொவேட்டோவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்காலும் முன்னைப்போல முரண்டு பிடிப்பதில்லை, கிளாஸ்கோ குளிரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை போடாமல் ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடாதே. உன் சித்தி மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் தரவேண்டிய மாடுகளைப் பற்றிய பேச்சுதான் இழுக்கிறது.

வானொலிக்காரர்களின் விழா அழைப்பைச் சொன்னபோது போனில் நீ, “மரியாதை பண்ணத்தானே கூப்பிடறாங்க, பேசாம போயிட்டு வாயேம்மா” என்றாய். நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசு. நான் ஜூலு இனம், உன் அப்பா சோத்தோ இனம். கல்யாணமான புதிதில் நான் ஜூலுவில் பாடிய இசைத்தட்டுப் பாட்டில் ஒரே ஓர் அடியில், மோலெஃபி, வீட்டுக்கு வா என்று அவரை அவர் மொழியில் கூப்பிட்டேன். அரசாங்கத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் ஜூலு வானொலியில் ஜூலு மட்டும், சோத்தோ வானொலியில் சோத்தோ மட்டும் என்பது அன்றைய வெள்ளைக்கார அரசு வைத்த விதி, நாம் இனத்துக்கு இனம் கலந்துவிடக் கூடாதாம். அறிவிப்பாளர் தப்பித் தவறியும் போட்டுவிடாதபடி வானொலி நிலையத்தில் இருந்த தட்டில் அந்த இடத்தை ஆணியால் கீறிவிட்டார்கள். வானொலியில் வராத பாட்டை யார் வாங்குவார்கள், கம்பெனி மற்ற தட்டுகளை உருக்கிவிட்டது. மிஞ்சியது வானொலி நூலகத்தில் கிடந்த அந்தக் கீறல் தட்டுதான்.

இப்போது தடைசெய்த பாட்டுகளுக்கு விழா எடுக்கிறார்களாம். டுமிசானி என்ற வானொலி அதிகாரி வீட்டுக்கு வந்து, “கீறலே தெரியாம சரி பண்ணிட்டோம், மா, கேளுங்க” என்று போட்டுக் காட்டினான். சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்ட அடியை மட்டும் காணோம், அந்த இடத்தில் முதல் அடியையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். “ஒரு அடிதானே, யாருக்குத் தெரியப் போவுது” என்றான். “ஆணி வச்சுக் கீறினவன் உன்னைவிட யோக்கியன்டா, அவனாவது அடையாளத்தை விட்டுட்டுப் போனான்” என்றேன். டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

மறுபடியும் வந்தான். கீறல் தட்டையே போடு, ஊசி துள்ளும் இடத்தில் நான் எழுந்து அந்த அடியைப் பாடுவேன், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். மேலிடத்தில் கேட்டுவிட்டுத் தலையாட்டினான், வேறென்ன செய்வான்? உன் அப்பா உயிரோடு இருந்தவரை அந்த அடி வானொலியில் வரவில்லை. சனிக்கிழமை மாலை வரும், நேரடி ஒலிபரப்பு, இணையத்தில் அங்கேயும் கேட்கலாமாம். ஊசி துள்ளியதும் பாட்டு நின்றுவிட்டது என்று அணைத்துவிடாதே.

இரண்டு வீட்டு முன்னோர்களும் உங்களைக் காக்கட்டும். சனிக்கிழமைக்குள் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயரைத் திருத்தமாகச் சொல்லிக்கொடு. நான் இங்கே கூப்பிடும்போது அவர்களும் அங்கிருந்து கூப்பிட வேண்டும்.

உன் அம்மா,
நோசிபோ