பெயர் சொல்லாத கணக்கு

இன்று காலை அண்ணன் வீட்டுச் சமையற்கட்டில் பழைய தரையை உடைத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டு பூசினார்கள். ஈரச் சிமெண்டு வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. அண்ணிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. வாரிக் கொண்டுபோய்க் கொட்டிய அந்தத் தரையில்தானே நீங்கள் குந்தி உட்கார்ந்து கரித்துண்டால் கணக்குப் போட்டீர்கள்.

கல்யாணம் ஆகியும் நாம் ஒரு வீட்டில் சேர்ந்து இருந்ததில்லை. தண்டவாளம் போடும் கூட்டத்தோடு நீங்கள் இந்த மாதம் கிள்ளான் பக்கம், அடுத்த மாதம் வேறெங்கோ. கூடாரத்துக்குப் பெண்டாட்டியை அழைத்துப் போக முடியாது என்பதால் நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரயில் ஆபீசில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலைக்குப் பரீட்சை என்று தெரிந்தது. தேறினால் கோலாலம்பூரிலேயே உத்தியோகம், குடியிருக்க ஓர் அறை. நமக்கென்று ஓர் அடுப்பு! அந்த ஆசையில்தான், பாதியில் விட்ட இங்கிலீஷ் படிப்பைத் தூசி தட்டி, இரவல் புத்தகத்தோடு உட்கார்ந்தீர்கள்.

முதல் தடவை தேறவில்லை. விடையெல்லாம் சரியாம், வழி எங்கே என்று கேட்டார்களாம். மனக்கணக்கிலேயே வளர்ந்தவர் நீங்கள். விடையை எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள்.  பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "இனிமே ஒவ்வொரு வரியா உங்கிட்ட சொல்லப்போறேன். புரியலைன்னா விடாதே, ஏன்னு கேளு" என்றீர்கள். ஏன் என்று கேட்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அன்றைய கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பனுக்கு மகனைப் போல மூன்று மடங்கு வயது. பத்து வருடம் கழித்து இரண்டு மடங்குதான். மகனுக்கு இப்போது என்ன வயது? வாசித்த வாயோடு பத்து என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் புத்தகம் மகனின் வயதை 'எக்ஸ்' என்று வைக்கச் சொன்னது. அதுதான் உங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"என்னன்னே தெரியாத ஒண்ணை வச்சுக்கிட்டு எப்படிக் கூட்டுறது, எப்படிக் கழிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க, நான் உங்க பேரை என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனா? அவரு வந்தாரு, அவரு சாப்பிட்டாரு, அவருக்குக் கோவம்னு ஊர்க்கதை பூரா பேசுறேனே. யாருக்காச்சும் ஆள் தெரியாம போச்சா?"

 நீங்கள் கரியைக் கையில் எடுத்தீர்கள். அன்றிலிருந்து நமக்குள் எக்ஸ் இல்லை, 'அவர்'தான். மகன் ஓர் அவர், அப்பன் மூன்று அவர். பத்து வருடம் போனால் அப்பன் மூன்று அவரும் பத்தும். மகன் ஓர் அவரும் பத்தும், அதை இரட்டித்தால் இரண்டு அவரும் இருபதும். இரண்டும் சமம்.

"இப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு அவரை எடுத்துடலாம்."

"ஏன் ரெண்டு பக்கமும்?"

"ஒரு பக்கம் மட்டும் எடுத்தா தராசு சாஞ்சிடும்ல."

இந்தப் பக்கம் ஓர் அவரும் பத்தும் மிஞ்சின. அந்தப் பக்கம் இருபது. பத்தை இரண்டு பக்கமும் எடுத்தோம். அவர், பத்து. "சின்னப் பயலுக்குப் போயி இவ்வளவு மரியாதையா!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணி எட்டிப் பார்த்து, "நீங்க கரியைப் பூசிட்டுப் போயிடுங்க, கழுவுறது நான்லா" என்றார்.

கோடும் கோணமும் உங்களுக்கு வேலையிலேயே இருந்தன. இரண்டு தண்டவாளத்தின் மேல் கடப்பாரை குறுக்கே சாய்ந்து கிடந்தால், இந்த ஓரத்து மூலையும் அந்த ஓரத்து மூலையும் ஒரே அளவு என்று கைவிரலால் காட்டுவீர்கள். முக்கோணத்தின் மூன்று மூலையும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு என்பதையும், உச்சியில் அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்து, அப்படித்தான் எனக்குப் புரியவைத்தீர்கள்.

இரண்டாவது பரீட்சை நெருங்கிய சமயம் காட்டுப்பக்கத்து வேலையில் காய்ச்சல் கண்டு, கூட்டாளிகள் உங்களை ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் வந்து நின்றது உங்களுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே, "உச்சியில ஒரு கோடு... அடிக்கோட்டுக்கு இணையா ஒரு கோடு..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மருந்து கொடுக்க வந்தவர் என்னிடம், "ஐயா என்னம்மா, மந்திரமா சொல்றாரு?" என்று கேட்டார்.

அந்த வரிக்குமேல் உங்களுக்குப் போகவில்லை. நான் காதருகே குனிந்து சொன்னேன். "இந்த மூலையும் கீழே இருக்கிற மூலையும் சமம். கடப்பாரை சாஞ்சு கிடக்குல்ல, அதனால. அந்தப் பக்கமும் அப்படித்தான். மூணும் இப்ப உச்சியில ஒண்ணா நிக்குதுங்க. நேர்கோடு ஆயிடுச்சு." நீங்கள் முனகுவதை நிறுத்தினீர்கள். கேட்டதனாலா, களைப்பினாலா, தெரியவில்லை. மறுநாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். ஏன் என்று கேட்டேன். அண்ணன் என் தோளைத் தொட்டு, அப்படியெல்லாம் கேட்கக் கூடாதம்மா என்றார். வழி காட்டாமல் வெறும் விடையை மட்டும் சொன்னால் நான் எப்படி ஏற்பேன்? அப்படிப் பழக்கியது நீங்கள்தானே.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் போன அன்று, உங்களை வீட்டுக்குக் கொண்டுவர அண்ணன் வண்டி பேசப் போயிருந்தபோது ஆஸ்பத்திரிக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, "புருஷன் பேரு என்னம்மா?" என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். முன்னெல்லாம் நினைத்தாலே நாக்குக் கூசும். இப்போது கூசுவதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.