உங்கள் மச்சம் எந்தப் பக்கம்?

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டாலே, "விசாரணை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பீர்கள். ஆமாம், ஆரம்பித்து முடிந்தும்விட்டது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆன பிறகு உங்கள் மேல் ஒரு விசாரணை நடத்தினேன். இதையெல்லாம் ஊர் படிக்கும்படி எழுத வேண்டுமா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சந்தேகத்தை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். முடிவையும் அவர்கள் காதில் போட வேண்டாமா?

முதலில் வீட்டுச் செய்தி. நம் மகள் கவிதா டெங்கில் ஊரிலிருந்து வாராவாரம் வந்துவிடுகிறாள். கிள்ளான் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு வந்து இருக்கச் சொல்கிறாள். நான் போகவில்லை. உங்கள் செருப்பு வாசலில் அப்படியேதான் கிடக்கிறது. ஆண் செருப்பு கிடந்தால் கண்டவனும் கேட்டைத் தட்ட மாட்டான் என்று பக்கத்து வீட்டு மேரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது மட்டும்தான் காரணமா என்று நீங்களும் கேட்காதீர்கள்.

வருஷத் திதிக்கு ஹாலில் வைக்க உங்கள் படம் பெரிதாக வேண்டியிருந்தது. உங்கள் படம் என்றால் என்னிடம் என்ன இருக்கிறது? கல்யாணப் படத்தில் இருப்பவரைப் பேரப்பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லை. விசேஷ வீடுகளில் எடுத்த படங்களில் நீங்கள் இல்லை, கேமரா எப்போதும் உங்கள் கையில்தான். மிச்சம் இருப்பது வேனில் உட்கார்ந்தபடி நீங்களே எடுத்து எனக்கு அனுப்பிய படங்கள். நான் கேட்டு வாங்கிய படங்கள்.

அந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரிப் பெண்களைக் கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டினீர்கள். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் இருந்து திரும்பிய பிறகு, காலையில் ஃபேக்டரி வாசலில் வேனை நிறுத்தியதும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். பெல்ட் போட்டிருக்கிறீர்களா, வாயில் சிகரெட் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் அனுப்பினீர்கள். ஆறு வருஷமும் நான் அவற்றை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் படத்தைத் தவிர வேறு எந்தப் படத்திலும் உங்கள் பின்னால் ஆளே இல்லை. "எல்லாரும் எறங்கியாச்சு லா" என்பீர்கள். நிறுத்தியவுடன் எடுங்கள் என்று சொன்னால், அதற்குள் பன்னிரண்டு பெண்கள் எப்படி இறங்குவார்கள்? உண்மையில் வேன் எங்கே நின்றது? அந்தக் கேள்வியை நான் கடைசிவரை உங்களிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

சரி, படத்துக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸில் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி உங்கள் முகத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். கட்டம் கட்டமாக உடைந்தது. "படம் ரொம்பச் சின்னது ஆன்டி. வெக்டர்ல வரைஞ்சிட்டா சுவர் சைஸுக்குக்கூட இழுக்கலாம், உடையாது. நாங்களே வரைஞ்சு தரோம் லா," என்றான். உடையாத படமாம். வியாபாரப் பேச்சு என்று போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கவிதாதான் பழைய டேப்லட்டில் வரையும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "போட்டோன்னா கலர் அடிச்ச சின்னச் சின்னக் கட்டம் மா. இழுத்தா கட்டம்தான் பெருசாகும். வெக்டர்ல கட்டமே இல்ல. இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி, நடுவுல கோடு எப்படி வளையணும்னு ஒரு கணக்கு. பெருசாக்குனா அந்தக் கணக்கை வெச்சுக் கோட்டைப் புதுசாப் போட்டுக்கும்."

"நடுவுல நான் தொடாத இடத்துல அது எங்க போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அது போயிடும் மா. நம்புங்க."

நம்புவேனா? உங்கள் படத்தை அடியில் வைத்து, அதன்மேல் அரிசி அரிசியாகப் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே கோடு தப்பிப்போக இடமே கொடுக்கவில்லை. ஐந்து வாரம் ஆயிற்று. நம் பக்கத்துத் தமிழர்கள் வரைந்ததைக் காட்டிக்கொள்ளும் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் போட்டேன். "முதல் முயற்சி. கருத்துச் சொல்லவும்" என்று மட்டும் எழுதினேன். யார் படம் என்று எழுதவில்லை. ஊருக்கு எதற்கு?

பத்துப் பேர் சூப்பர் என்றார்கள். படத்தைப் பார்க்காமலே சொன்னார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் கழுத்து நீளம் என்றார். இன்னொருவர் இது எந்தப் பட வில்லன் என்று கேட்டார், அவரை பிளாக் செய்துவிட்டேன். அப்புறம் புஷ்பம் என்று ஒருத்தி நீளமாக எழுதினாள்.

"அக்கா, முதல் தடவைக்கு நல்லா வந்திருக்கு. தாடை ஏன் நெளிநெளியா இருக்குன்னா புள்ளி அதிகம். நீங்க புள்ளியை மறைக்காம போட்டிருக்கறதால தெரியுது. தாடைக்கு மட்டும் நாப்பது வெச்சிருக்கீங்க, நாலு போதும். மத்ததை எடுத்துட்டு, புள்ளியில நீட்டிக்கிட்டு இருக்கற கைப்பிடிக் கோட்டை இழுத்துப் பாருங்க, கோடு தானா வளையும். கண்ணு ரெண்டும் ஒரே அளவு இருக்கு, அண்ணன் சிரிச்சா ஒரு கண்ணு சுருங்கும். அப்புறம் மச்சம் அந்தப் பக்கம் இல்ல அக்கா. அண்ணனுக்கு இடது கன்னம்."

அண்ணனா? எந்த அண்ணன்? யார் இவள்?

படத்தை எடுத்துப் பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில்தான் இருந்தது. ஆறு வருஷப் படங்களிலும் வலதுதான். பொய் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் தெம்பாக இருந்தது. அப்புறம் கண்ணை மூடி உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நாற்பதுக்கு மேல் வந்த மச்சம், அதனால் பழைய படமும் உதவவில்லை. உங்கள் ஐசி அடையாள அட்டையை இறப்பைப் பதியும்போதே வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் சோறு போட்ட முகத்தின் மச்சம் எனக்குத் தெரியவில்லை, ஒரு புஷ்பத்துக்குத் தெரிகிறது. அன்றைக்கு உங்களுக்கு விளக்கு ஏற்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் முகப்புப் படத்தில் ஒரு ரோஜாப்பூ. முகத்தைக் காட்டாதவளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று மேரியிடம் சொன்னேன், என் தங்கையிடம் சொன்னேன், கடைசியில் கவிதாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்பாவையா மா?" என்று கேட்டுவிட்டு அவள் என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே புஷ்பத்துக்கு எழுதி விலாசம் வாங்கி, காரை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க, நேர்லயே கேட்டுடுங்க," என்றாள்.

சுங்கை வேயில் புஷ்பம் இப்போது வேலை பார்க்கும் ஸ்டிக்கர் கடை. லோரிக் கதவில் ஒட்டும் எழுத்தும் படமும் வெட்டுகிறார்கள். உள்ளே போனதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் முன் சீட்டில், தலை நிறைய மல்லிகைப்பூவோடு உட்கார்ந்திருந்தவள். அந்தப் படத்துக்காக நான் மூன்று நாள் சமைக்கவில்லை.

"வாங்கக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் போனது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம், சாவுக்கு வர முடியவில்லை என்று கண்ணைத் துடைத்தாள். நான் உட்காரவில்லை.

"மச்சம் எந்தப் பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு வருஷம் முன் சீட்டுல போனேன் அக்கா. எனக்கு வாந்தி வரும், பின்னால உக்கார முடியாது. அண்ணனோட இடது பக்கம்தான் தெனம் பாத்தது."

"போட்டோல வலது பக்கம் இருக்கே?"

"முன்னாடி கேமரால எடுத்தது அக்கா. சில போன்ல கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுரும். பெல்ட்டைப் பாருங்க. நம்ம ஊர்ல டிரைவருக்குப் பெல்ட் வலது தோள்ல இருந்துதானே வரும்?"

பார்த்தேன். இடது தோளில் இருந்து வந்தது. ஏங்க, நான் பெல்ட்டைப் பார்க்கத்தானே படமே கேட்டேன்? ஆறு வருஷம் உங்களைச் சந்தேகப்பட்டேன், பின் சீட்டைச் சந்தேகப்பட்டேன், படத்தை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

அப்போதும் நான் விடவில்லை. "சரி. வண்டில ஏன் ஆளே இல்ல? மொத போட்டோவைத் தவிர எல்லாத்துலயும் காலியா இருக்கு. அவரு உங்களை எங்க எறக்கி விட்டுட்டு எங்க போனாரு?"

புஷ்பம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

"நாங்க எங்கயும் போகல அக்கா. உள்ளதான் இருந்தோம். மொத வாரம் என் பூவால வீட்ல சண்டைன்னு அண்ணன் சொன்னாரு. அதுக்கப்புறம் தெனம் ஃபேக்டரி வாசல்ல நிறுத்திட்டு, 'வீட்டுப் போலீஸுக்கு ஒரு போட்டோ, எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சிக்குங்க லா'ன்னு சொல்வாரு. பன்னெண்டு பேரும் சீட்டுக்கு அடியில குனிஞ்சிக்குவோம். நான் டேஷ்போர்டுக்குக் கீழ. சிரிப்பு அடங்காது. அவரும் அதனாலதான் சிரிப்பாரு. போட்டோ அனுப்பிட்டு, நீங்க பாத்துட்டதுக்கு நீல டிக் வந்தப்புறம்தான் கதவைத் திறப்பாரு. லேட்டானாலும் சரி. 'அவ பாத்துட்டா, இனி நிம்மதியா காப்பி குடிப்பா'ன்னு சொல்வாரு."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்காகச் சிரித்தது என்று சில நாள் நினைத்திருந்தேன், என்னை ஏமாற்றிய சிரிப்பு என்று சில நாள் நினைத்திருந்தேன். ரெண்டும் சரிதான் போலிருக்கிறது. நான் அப்படித் தொல்லை கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு படம்கூட மிஞ்சியிருக்காது. இதை நினைத்து அழுவதா, பெருமைப்படுவதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புஷ்பம் என் டேப்லட்டை வாங்கி ஒரு பொத்தானைத் தொட்டாள். முகம் திரும்பியது. மச்சம் இடது பக்கம் வந்தது, பெல்ட் வலது தோளுக்குப் போனது. அப்புறம் தாடையில் என் புள்ளிகளை ஒவ்வொன்றாக என்னையே அழிக்க வைத்தாள். முப்பத்தாறு புள்ளி. ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். நாலு மிஞ்சியபோது உங்கள் தாடை வந்துவிட்டது, எங்கும் நெளியாமல். பெரிதாக்கினேன், பழக்க தோஷம். இழுத்துக்கொண்டே போனேன். உடையவில்லை.

வருஷத் திதிக்கு இன்னும் ரெண்டு மாதம் இருக்கிறது. ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் பின்னால் அந்தப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் வரைந்துவிடுவேன். புஷ்பம் எல்லோர் படமும் வாங்கித் தருகிறாள், நேர்ப் படமா கண்ணாடிப் படமா என்று கேட்டுத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவளை முன் சீட்டில், தலை நிறையப் பூவோடு வைக்கிறேன். எல்லோரும் நிமிர்ந்தே உட்காரட்டும். போலீஸ் பார்த்துவிட்டாள், இனி நீங்கள் கதவைத் திறக்கலாம்.

இப்படிக்கு,
காப்பியைக் கையில் வைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி ராஜேஸ்வரி