சரக்குத்தூள் இரண்டு பங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சதோ? நாங்கள் சுகம். இயலினிக்குப் பல் வருது, அதாலைதான் கடிதம் பிந்தினது.

இஞ்சை நாங்கள் இருக்கிற குரோருட்டிலை, தாய்மார் குழுவிலை பழக்கமான கொரியாக்காரி மின்ஜோங், தான் பிள்ளைத்தாச்சி என்று நேற்றுச் சொல்லி அழுதாள். "எங்கட நாட்டிலை பிள்ளை பெத்தால் வேலை போயிடும் எண்டு என்ர சிநேகிதியள் கலியாணமே வேண்டாம் எண்டுட்டினம். நானும் அப்பிடித்தான் இருந்தனான்."

"இஞ்சை அப்பாமாருக்கும் லீவு குடுக்கினம், பயப்பிடாதை" என்றேன்.

"அப்ப நீ ஏன் இரண்டாவது பிள்ளைக்குப் பயப்பிடுறாய்?" என்று கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சாள். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது.

பிள்ளை பெத்தவுடன் அவையள் கடற்பாசி சூப் குடிப்பினமாம். நான் எங்கட பிள்ளைப்பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குக்கறி காய்ச்சித் தாறன் என்று சொல்லிப்போட்டன். சரக்குத்தூள் இரண்டு பங்காய் இடிச்சு அனுப்புங்கோ. ஒன்று அவளுக்கு, மற்றது எனக்கு. ஓம் அம்மா, உண்மையாத்தான். முடிஞ்சால் தூளோடை நீங்களும் வாங்கோவன்.

இயலினி எழும்பீட்டாள்.

மகள் சாருகா