ஒரே ஒரு ஸாரி

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று மட்டும் நாற்பத்தோரு ஸாரி. பஸ்ஸில் என் காலை மிதித்த சீமாட்டிக்கு ஒன்று. ஆமாம், நான்தான் சொன்னேன். காதில் விழாதபோது ஒன்று, வழி விடச் சொல்லி ஒன்று, பேக்கரி வரிசையில் புகுந்தவனை அதட்ட ஒன்று, இடித்துக்கொண்ட விளக்குக் கம்பத்துக்கு இரண்டு. டர்ஹம் சீமையிலேயே இந்தச் சொல்லுக்குச் சக்கரவர்த்தி நான். அப்பேர்ப்பட்ட என்னிடம் தங்கை மகள் பெத்தனி வந்து, "மாமா, அப்பாகிட்ட ஒரே ஒரு ஸாரி சொல்லிடுங்க. இல்லேன்னா என் கல்யாணத்துக்கு உங்களை உள்ளேயே விடமாட்டாராம்" என்கிறாள்.

ஒன்றா! வண்டி நிறைய இறக்குகிறேன்.

செப்டம்பர் 4

என் குற்றம் இவ்வளவுதான். போன வருஷம் கிளப்பின் காய்கறிப் போட்டியில் பெத்தனியின் அப்பன் ஆல்பியின் லீக்ஸ் வெங்காயத்தாளுக்குக் கோப்பை. ஒவ்வொரு தண்டும் யானைக்கால் பருமன். "கடையில வாங்கி மண்ணுல சொருகியிருப்பான்" என்று அளந்துவிட்டேன். சிரிக்கத்தான். கமிட்டி சிரிக்கவில்லை. கோப்பையைப் பிடுங்கிக்கொண்டது.

செப்டம்பர் 7

ஆல்பி வீட்டு வாசல்.

"மச்சான், உன் மனசு புண்பட்டிருந்தா ஸாரி."

"பட்டிருந்தாவா?"

கதவு. என் மூக்கு தப்பியது சரித்திர அதிசயம்.

செப்டம்பர் 10

கடிதம் எழுதினேன்: 'நடந்தவற்றுக்கு மிகவும் வருந்துகிறேன்.' ஆல்பி வாய்விட்டுப் படித்தானாம். "ரயில் லேட்டுன்னு ஸ்டேஷன்ல ஒரு பொம்பளை குரல் சொல்லுமே, அதே ஸாரி!"

செப்டம்பர் 12

கம்பத்துக்குச் சொல்ல முடியுது. இவன்கிட்ட ஏன் வரமாட்டேங்குது? பொய் சொன்னது கிளப்பில் — நான் ஏன் இவன் வாசலில் போய் நிற்கிறேன்?

செப்டம்பர் 14, சனி

இந்த வருஷப் போட்டி. கிளப் முழுக்கக் கூட்டம். நாற்காலிமேல் ஏறினேன். மாபெரும் உரை ஒன்று தயாராகத்தான் இருந்தது.

"அந்த லீக்ஸ் அவன் வளர்த்ததுதான். நான் சொன்னது பொய். ஸாரி, ஆல்பி."

அவ்வளவுதான் வந்தது. யாரோ இருமினார்கள். ஆல்பி பியரை முடித்தான், தொப்பியை எடுத்தான், போய்விட்டான்.

செப்டம்பர் 21, சனி

பெத்தனி கல்யாணம். தேவாலய வாசலில் ஆல்பி என் கோட்டைப் பிடித்து இழுத்தான். கையில் கல்யாண வீட்டார் கோட்டில் குத்திக்கொள்ளும் வெள்ளை ரோஜாவும் குண்டூசியும்.

"ஆடாம நில்லு மச்சான்."

ஊசி கோட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, நேரே நெஞ்சில்.

"ஸாரி" என்றான், பல்லெல்லாம் தெரிய.

வேண்டுமென்றே குத்தினான். சத்தியமாகச் சொல்கிறேன்.