நலமாயிருந்தும் தோற்றவர்

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஸ்போகேனில் குளிர் தொடங்கிவிட்டது. என் கம்பளிச் சட்டையை அனுப்பு.

போதை மீட்பு நிலையத்தில் என் வேலை விநோதமானது. சிகிச்சை முடித்தவர்களை ஆறு மாதம் கழித்துத் தேடிப்போய், இன்னும் குடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்காதவர்களை அரசாங்க அறிக்கையில் தோல்வி என்றே சேர்ப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நிலையத்துக்கு மானியம்.

ஓடெல் என்பவர் போன் நம்பரை மாற்றிவிட்டார். முன்பு கடனுக்கு டயர் விற்றுவிட்டு ஆட்களைத் தேடி அலைந்த அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. நம்பரை மாற்றுகிறவர்கள் முடிவெட்டும் கடையை மாற்றுவதில்லை. அங்கேயே பிடித்தேன்.

"நல்லா இருக்கேன்யா. அதையெல்லாம் மறந்ததாலதான் நல்லா இருக்கேன். ஆளை விடு."

"நாலு கேள்விக்குப் பதில் சொன்னா எங்களுக்கு மானியம் வரும்."

"உன் மானியத்துக்காக நான் மறுபடி நோயாளி ஆகணுமாக்கும்?"

நிலையத்துக்குத் திரும்பினேன். பதில் சொல்ல மறுத்தார் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஆளு எப்படி இருக்கான்?" என்றாள் மேலாளர் மோரீன்.

"நேர்ல பிரமாதம். அறிக்கையிலதான் தோல்வி."

தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். மானியம் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் நான்தான். அது உனக்கு லாபமா நஷ்டமா, உடனே எழுது.

உன்
வெர்னன்