அப்பா வழி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கேட்டால் "சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவது ஊசி போட்டாயிற்று. முடியெல்லாம் கொட்டிவிட்டது, சீப்புக்கு ஓய்வு.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் மார்பில் வந்த புற்றுநோய்க்குப் பரம்பரையாய் வரும் ஒரு மரபணு மாற்றம்தான் காரணமாம். "எல்லாம் என் வயித்துல பொறந்த பாவம்" என்று அம்மா இங்கே தினமும் அழுதாள். அவளையும் பரிசோதித்தார்கள். அவளிடம் அது இல்லை. அப்படியானால் உங்களிடமிருந்துதான், அப்பா. ஆண்களிடமும் இருக்குமாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம்.

அத்தை எதனால் செத்தாள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் பெரியவள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

உன் அத்தை, என் அக்கா, செத்தது நாங்கள் சொல்லிவந்த மஞ்சள் காமாலையால் இல்லை. மார்பில் கட்டி. முப்பத்தெட்டு வயது. மூன்று வருடம் முன்பு மார்பில் வலி என்று உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனேனே, "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று அவர் கேட்டதும், நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் யாருக்கும் இல்ல டாக்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், உன் தங்கை சின்னவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளையின் அம்மா. அவர் காதில் விழுந்தால் சம்பந்தம் கெட்டுவிடுமே என்று பயந்தேன். அப்பா வழியில் இது வராது என்றும் முட்டாள்தனமாய் நம்பினேன். பாவி நான். மன்னிப்பாயா?

அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

மரபணு நீங்கள் விரும்பிக் கொடுத்ததா? அதற்குக் கோபமில்லை. அந்தப் பொய்க்குத்தான் வயிறு எரிகிறது. அன்றே சொல்லியிருந்தால் வருடா வருடம் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். சின்னதாய் இருக்கும்போதே பிடித்திருக்கலாம். அம்மா போனில் அழுததையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்களே!

சின்னவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

பெரியவள்

மே 7

பெரியவளுக்கு,

சின்னவளிடம் சொல்லிவிட்டேன், அவள் மாமியாரான அந்த நர்ஸ் அம்மா எதிரிலேயே. "இத்தனை நாள் எங்களையும் ஏமாத்தினீங்களா சம்பந்தி?" என்றார். கூனிக்குறுகி நின்றேன். ஆனால் மறுநாளே அந்த அம்மாதான் மருமகளைக் கையோடு கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தார். நானும் கொடுத்தேன்.

அந்த மரபணு மாற்றம் எனக்கு இருக்கிறது. சின்னவளுக்கும் இருக்கிறது. அவளுக்குக் கட்டி எதுவும் இல்லை. இனி வருடா வருடம் ஸ்கேன்.

"அக்காவை இப்படிப் பண்ணிட்டீங்களேப்பா. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாள். நேற்று அவள் ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரிக்குள் போவதை எதிர்க் கடையில் நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அவளும் நீயும் கிழவிகளாகும்வரை இருந்து என்னைத் திட்டுங்களம்மா.

அப்பா