கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு பின்

மே 3, சனி
காலை முழுக்க மினி காருக்குள் தலைகீழாகக் கிடந்தேன். தலை பெடலடியில், கால் சீட்டு மேலே. ஐம்பது வயசு கார். கிளட்ச் சிலிண்டர் ஒழுகுகிறது, பிரேக் சிலிண்டரும். கழற்ற வேண்டுமென்றால் முதலில் பெடலுக்கு மேலே இருக்கும் குட்டிக் கம்பியை, ஸ்ப்ளிட் பின்னை, உருவணும். என் கை அங்கே போகாது. போன தடவை உருவினது என் மனைவி லோகேஸ். நான் டார்ச் அடித்து யோசனை சொன்னேன்.
அவள் போய் நாலு மாதம். டார்ச் இருக்கிறது.

மே 4
கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அத்தை போன். லோகேஸின் அம்மா.
"எப்ப வரீங்க மாப்ள?"
"கார் ரெடியானதும் வரேன் அத்தை."
நாலாவது தடவையாக அதே பதில். ஃபெர்ரி இருக்கிறது, பஸ் இருக்கிறது. அவருக்கும் தெரியும். அந்த வீட்டு ஹாலில் அவள் படம், மாலையோடு. அதைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். ஒரு அங்குல பின் என் மானத்தைக் காப்பாற்றுகிறது.

மே 10
டிப்ளோமா படித்து, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவன் நான். அங்கிருந்து குட்டிக் கேமரா இரவல் வாங்கி உள்ளே விட்டேன். பின் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான்.

மே 11
பக்கத்து வீட்டு சிவநேசன் அண்ணன்: "டிப்ளோமாவ உள்ள விட்டுப் பாரு லா, ஒருவேள போவும்."

மே 17
அத்தை மறுபடி. "பின் வரல அத்தை"ன்னு உளறிட்டேன். எந்தப் பின்னு, எங்க இருக்கு, எல்லாம் கேட்டாங்க. முப்பது வருஷம் ஃபேக்டரி லைன்ல, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில முடி மாதிரி கம்பி ஒட்டுனவங்க. அவங்ககிட்ட போயி — மடையா.

மே 18, ஞாயிறு
எட்டு மணிக்கு வாசலில் அத்தை.
"தள்ளுங்க. எங்க லைன்லயும் டெக்னீஷியன் வந்தாதான் மெஷின் நிக்கும்."
காருக்குள் போய்ப் படுத்துவிட்டார். கால் மட்டும் வெளியே.
"டார்ச்ச ஆட்டாதீங்க மாப்ள."
"ஆட்டல அத்தை."
"ஆடுது."
ஆடியது.
நாலு நிமிஷம். பின்னை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நகம் வரைக்கும் லோகேஸ் கை. பின்னை எடுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டேன், கிரீஸோடு. எவ்வளவு நேரம், தெரியாது. அவர் இழுக்கவில்லை.
"பிரேக்கு பின்னு இன்னும் இருக்கு," என்றார் கடைசியில்.

மே 25, ஞாயிறு
புது சிலிண்டர்கள் இன்னும் வரவில்லை. கார் அப்படியே நிற்கிறது.
புக்கிட் மெர்தாஜாம் போனேன். படத்துக்கு நேர் எதிரேதான் சாப்பாட்டு மேசை. மீன் கறி. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன்.